டிரஸ் ராட்: கிட்டாரின் கழுத்தை நிமிர்த்தும் கம்பி

டிரஸ் ராட் என்பது கிட்டார், பேஸ் கிட்டார், மேண்டலின், பேஞ்சோ முதலிய உலோகத் தந்திக் கருவிகளின் கழுத்துக்குள், விரல்பலகைக்கு அடியில் நீளவாக்கில் புதைத்து வைக்கப்படும் எஃகுக் கம்பி. தந்திகளின் இழுப்பால் கழுத்து முன்பக்கமாக வளைவதை எதிர்ப்பதும், அந்த வளைவைத் தேவைக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ இடம் கொடுப்பதும் அதன் வேலை. கம்பியின் ஒரு முனை கழுத்துக்குள் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனையில் மரையும் நட்டும் இருக்கும். அந்த நட்டைத் திருகினால் கழுத்தின் வடிவம் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாறும். இன்று எஃகுத் தந்தி பூட்டிய கிட்டார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1920-களின் தொடக்கத்தில் உருப்பெற்ற இந்தக் கம்பி உலகெங்கும் நிலைபெற அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கழுத்தை அசையாதபடி இறுக்கிவிட வேண்டுமா, திருத்திக்கொள்ளும்படி விட வேண்டுமா என்ற கேள்விக்குக் கிட்டார் செய்பவர்கள் காலந்தோறும் தந்த விடைகளே இதன் வரலாறு.

கழுத்து வளைவதன் காரணம்

நாண் ஏற்றிய வில் வளைவதுபோலவே தந்தி பூட்டிய கழுத்தும் வளைகிறது. தந்திகளின் ஒரு முனை கிட்டாரின் உடலில் உள்ள பிரிட்ஜிலும் மறுமுனை தலைப்பகுதியின் முறுக்காணிகளிலும் கட்டப்பட்டிருக்கிறது. இடையில் அவை கழுத்து மரத்தின் மையக்கோட்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலே செல்கின்றன. இழுவிசை மையக்கோட்டில் விழாமல் அதற்கு மேலே விழுவதால் விரல்பலகைப் பக்கம் அமுங்குகிறது, பின்பக்கம் நீள்கிறது, தலைப்பகுதி முன்னோக்கி எழுகிறது.

இந்த இழுப்பு சாதாரணமானது அல்ல. நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து தரும் விசை சுமார் 40 கிலோ. மெல்லிய எஃகுத் தந்தி பூட்டிய எலெக்ட்ரிக் கிட்டாரில் அது 45 கிலோ அளவில் இருக்கும். எஃகுத் தந்தி அக்கூஸ்டிக் கிட்டாரில் 70 கிலோவைத் தாண்டும். பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் 100 கிலோவுக்கு மேல் போகும். பேஸ் கிட்டாரில் தந்திகள் நான்குதான் என்றாலும் அவற்றின் கூட்டு விசையும் 70 கிலோவை மிஞ்சும். இத்தனை சுமையையும் ஓர் அங்குலத்துக்குக் குறைந்த கனமுள்ள மரத்துண்டு ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும்.

மரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அளவோடு வளைத்து உடனே விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். பல மாதங்கள் வளைத்தே வைத்தால் அந்த வளைவின் ஒரு பகுதி நிரந்தரமாகத் தங்கிவிடும். காற்றின் ஈரப்பதமும் இதில் சேர்ந்துகொள்கிறது. கழுத்து மேப்பிளிலோ மகோகனியிலோ இருக்கும். விரல்பலகை ரோஸ்வுட்டாகவோ கருங்காலியாகவோ இருக்கும். இவை ஈரத்தை ஏற்பதும் இழப்பதும் ஒரே அளவில் நடப்பதில்லை. ஆகவே தந்தியை மாற்றாமலே, பருவம் மாறியதும் கழுத்து தானாக அசைகிறது.

கழுத்தைத் தடிமனாகச் செய்தால் இந்தச் சிக்கலை ஓரளவு சமாளிக்கலாம். ஒரு மரத்துண்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடியாக ஏறும். கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். இதன் மறுபக்கம் கடுமையானது. கழுத்தைப் பத்து விழுக்காடு மெலிதாக்கினால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். கைக்கு அடக்கமான மெல்லிய கழுத்தும் வேண்டும், எஃகுத் தந்தியும் வேண்டும் என்று வாசிப்பவர்கள் கேட்கத் தொடங்கியபோது மரத்தால் மட்டும் அதற்கு விடை தர முடியவில்லை.

வேண்டிய வளைவு

கழுத்து முற்றிலும் நேராக இருப்பதே நல்லது என்று தோன்றலாம். நடைமுறையில் இம்மியளவு முன்வளைவு தேவைப்படுகிறது. மீட்டிய தந்தி தன் இரு முனைகளிலும் அசையாமல், நடுவில்தான் அதிகமாக அலைகிறது. கழுத்து அளவுகோல்போல் நேராக இருந்து, தந்தியும் தாழ்வாக ஓடினால், அந்த அலைவு விரல்பலகையில் பதித்த உலோகக் கீற்றுகளான ஃப்ரெட்டுகளில் பட்டு இரையும். நடுப்பகுதி சிறிது உள்வாங்கியிருந்தால் தந்திக்கு ஆட இடம் கிடைக்கும். கிட்டார்காரர்கள் ‘ரிலீஃப்’ என்று சொல்வது இதைத்தான்.

அதன் அளவு சிறியது. எலெக்ட்ரிக் கிட்டார்களுக்கு ஃபெண்டர் நிறுவனம் பரிந்துரைப்பது, விரல்பலகையின் குறுக்கு வளைவைப் பொறுத்து, சுமார் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை. இது இரண்டு மூன்று தாள்களின் கனம்தான். பலமாக அடித்து வாசிப்பவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். விரல் நுனியால் மெல்ல வாசிப்பவருக்கு இதைவிடக் குறைவே போதும். தந்தியின் பருமனை மாற்றினாலும் அளவு மாறும். ஒருவருக்குச் சரியான வளைவு மற்றவருக்குச் சரியாக இருப்பதில்லை என்பதால்தான், வெறுமனே விறைப்பான கழுத்தைவிடத் திருத்தக்கூடிய கழுத்துக்கு மதிப்பு வந்தது.

ராட் வருவதற்கு முன்

ஸ்பெயினின் அன்டோனியோ டி டோரஸ் 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் வடிவத்தை நிலைநாட்டியபோது தந்திகள் விலங்கின் குடலால் ஆனவை. அகலமான, கனத்த கழுத்து அவற்றின் இழுப்பை எளிதில் தாங்கியது. அந்த மரபில் வந்த நைலான் தந்திக் கிட்டார்கள் பெரும்பாலானவற்றில் இன்றும் ராட் கிடையாது. அவற்றுக்கு அது தேவைப்படவும் இல்லை.

நிலைமை மாறியது அமெரிக்காவில். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மேண்டலின் குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. எஃகுத் தந்தி பூட்டிய மேண்டலினோடும் பேஞ்சோவோடும் சேர்ந்து வாசித்தபோது குடல் தந்திக் கிட்டாரின் ஓசை அமுங்கிப்போனது. சிகாகோவின் லார்சன் சகோதரர்கள் போன்றோர் எஃகுத் தந்திக்கென்றே கிட்டார்கள் செய்யத் தொடங்கினர். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் பன்னாட்டுக் கண்காட்சியில் ஹவாய் இசைக்குழுக்கள் அமெரிக்கர்களைக் கவர்ந்தன. அதன்பின் எஃகுத் தந்தி கிட்டாரின் தேவை பல மடங்கு பெருகியது.

தந்தி மாறியதும் கழுத்துகள் வளையத் தொடங்கின. செய்பவர்கள் கையாண்ட வழிகள் மூன்று: கழுத்தை உருட்டுக்கட்டைபோல் கனமாக விடுவது, வெவ்வேறு மரங்களை ஒட்டிக் கழுத்து செய்வது, விரல்பலகைக்கு அடியில் கருங்காலிச் சட்டத்தையோ இரும்புப் பட்டையையோ புதைப்பது. மூன்றுமே ஒருமுறை செய்துவிட்டுக் கைகழுவும் வழிகள். சில ஆண்டுகளில் கழுத்து வளைந்தால் அதைத் திருத்த விரல்பலகையைச் சீவ வேண்டும், அல்லது ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டும்.

கலமசூவில் பிறந்த ராட்

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சனின் பெயரால் 1902-இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றியவர் தாடியஸ் மெக்ஹியூ. 1921-இல் அவர் இசைக்கருவிக் கழுத்து ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்; 1923-இல் 1,446,758 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கழுத்துக்குள் கம்பி வைக்கும் எண்ணம் அதற்கு முன்பே, 1908 அளவிலான காப்புரிமைகளில் தென்படுகிறது. ஆயினும் வெளியிலிருந்தே திருகித் திருத்தக்கூடிய ராடைத் தொழிற்சாலைக் கருவிகளில் நிலைபெறச் செய்தது மெக்ஹியூவின் அமைப்புதான்.

அதில் விரல்பலகையை ஒட்டும் முன்பு கழுத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, எஃகுக் கம்பியைக் கிடத்தி, மேலே மரப்பட்டையால் மூடுவார்கள். கம்பியின் ஒரு முனை உடல் பக்கம் நங்கூரமிட்டதுபோல் பிணைக்கப்படும். மறுமுனை தலைப்பகுதியில், முறுக்காணிகளுக்குக் கீழே தோண்டிய சிறு குழிக்குள் வெளிப்படும். அங்கே ஒரு வளையமும் பித்தளை நட்டும் அமரும். குழியை மூடும் மணி வடிவச் சிறு தகடு கிப்சன் கிட்டார்களின் அடையாளங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

1919 முதல் 1924 வரை கிப்சனில் இருந்த ஒலியியல் வல்லுநர் லாய்ட் லோர் மேற்பார்வையில் வந்த மாஸ்டர் மாடல் கருவிகளில் இந்த ராட் இடம்பெற்றது. எஃப்-5 மேண்டலினும், 1922-இல் வந்த எல்-5 கிட்டாரும் அவற்றுள் பெயர்பெற்றவை. புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்ரோ வாசித்தது 1923-இல் செய்த எஃப்-5. கார்ட்டர் குடும்பத்தின் மேபெல் கார்ட்டர் தம் இசைவாழ்வில் பெரும்பாலும் வாசித்தது 1928-ஆம் ஆண்டின் எல்-5. ராட் வந்தபின் கிப்சன் கழுத்துகள் படிப்படியாக மெலிந்தன. ஒரே கருவியில் மெல்லிய கழுத்தும் எஃகுத் தந்தியும் சேர்ந்து இருக்க முடியும் என்பதை இவை நிறுவின.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை 17 ஆண்டுகள் நீடிக்கும். 1940 வரை கிப்சனின் போட்டியாளர்கள் இதே அமைப்பை எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதே காலத்தில் கிப்சன் ‘கலமசூ’ என்ற பெயரில் விற்ற மலிவு விலைக் கிட்டார்களில் ராட் வைக்கப்படவில்லை. ராட் இருப்பது உயர்ந்த கருவிக்கு அடையாளம் என்ற எண்ணம் வாங்குவோரிடம் பதிந்ததற்கு இந்த விலைப் பிரிவினையும் ஒரு காரணம்.

இரண்டாம் உலகப்போர் இந்தத் தொழிலையும் தொட்டது. உலோகம் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போனதால் கிப்சன் 1940-களின் முற்பாதியில் பல கிட்டார்களை ராட் இல்லாமலே செய்தது. ஈடுகட்டக் கழுத்துகளை மறுபடி தடிமனாக்கியது. சிலவற்றை மேப்பிள் பட்டைகளை ஒட்டிச் செய்தது. பழைய கிட்டார் சேகரிப்பவர்கள் போர்க்காலக் கிப்சனைக் கையில் பிடித்தவுடன் அடையாளம் காண்பது இந்தக் கனத்த கழுத்தால்தான்.

ஒற்றை ராட் வேலை செய்யும் விதம்

தொடக்ககால ராடும், இன்றும் பழைய பாணிக் கிட்டார்களில் வைக்கப்படும் ராடும் ஒருவழி ராட்கள். கழுத்தின் பின்பக்கத்தை அமுக்கினால் அது பின்னோக்கி வளையும்; தந்தியின் இழுப்புக்கு இது நேர் எதிர். மையக்கோட்டுக்குக் கீழே, அதாவது பின்பக்கமாக, கம்பியை வைத்து இறுக்கினால் அந்த அமுக்கம் கிடைக்கிறது. பல கழுத்துகளில் வாய்க்காலை வளைவாகவே வெட்டுவார்கள்: இரு முனைகளிலும் விரல்பலகைக்கு அருகில், நடுவில் பின்புறத்துக்கு அருகில். நட்டை இறுக்கும்போது வளைந்த கம்பி நேராக முயல்கிறது. நடுப்பகுதி மேலே எழும்பி மரத்தை விரல்பலகைப் பக்கம் தள்ளுகிறது. முன்வளைவு குறைகிறது.

நட்டைத் தளர்த்தினால் கம்பி விட்டுக்கொடுக்கும். ஆனால் கழுத்தை முன்னால் இழுப்பது தந்திதான். ஆகவே தந்தியின் இழுப்பையும் மீறிக் கழுத்து பின்னோக்கி வளைந்துவிட்டால், ஒருவழி ராடை முழுதும் தளர்த்தினாலும் பயன் இல்லை. இந்தக் குறை பின்னாளில் வேறு வடிவம் ஒன்றுக்கு வழிவிட்டது.

ஃபெண்டர்: விருப்பமில்லாமல் ஏற்ற ராட்

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், 1950-இல் எஸ்கொயர் என்ற கட்டை உடல் எலெக்ட்ரிக் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கழுத்து ஒரே துண்டு மேப்பிள் மரம். கடினமான அந்த மரத்துக்கு ராட் தேவையில்லை என்பது அவர் கணிப்பு. முதலில் வந்த எஸ்கொயர்கள் ராட் இல்லாமலே வந்தன. விற்பனைப் பொறுப்பாளர் டான் ராண்டால் இதை ஏற்கவில்லை. கழுத்து வளைந்தால் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள் என்று வற்புறுத்தினார். அதே ஆண்டு இறுதிக்குள் வந்த பிராட்காஸ்டரில் ராட் இருந்தது. அந்தக் கிட்டார்தான் 1951-இல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது.

ஃபெண்டர் செய்த மாற்றம் ராடைப் பொருத்தும் விதத்தில் இருந்தது. தனியாக ஒட்டிய விரல்பலகை இல்லாததால் மேலிருந்து வாய்க்கால் வெட்ட வழியில்லை. எனவே கழுத்தின் பின்புறத்திலிருந்து வெட்டி, கம்பியை இறக்கி, வால்நட் மரப்பட்டையால் அடைத்தனர். வெளிறிய மேப்பிளின் முதுகில் ஓடும் அந்தக் கரும்பழுப்புக் கோட்டை ஃபெண்டர் கழுத்தின் முத்திரை என்று இன்றும் சொல்வார்கள். 1951-இல் வந்த பிரிசிஷன் பேஸ், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகியவற்றிலும் இதே முறை. பிரிசிஷன் பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 864 மில்லிமீட்டர். அத்தனை நீளக் கழுத்தை ராட் இல்லாமல் நம்பகமாகச் செய்வது கடினம். எலெக்ட்ரிக் பேஸ் பரவியதில் ராடுக்கும் பங்கு உண்டு.

மார்ட்டின்: நீண்டகால மறுப்பு

அக்கூஸ்டிக் கிட்டாரில் அமெரிக்காவின் மூத்த நிறுவனம் சி. எஃப். மார்ட்டின். 1833-இல் நியூயார்க்கில் தொடங்கிப் பின்னர் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குக் குடிபெயர்ந்தது. எஃகுத் தந்திக்கு 1920-களில் மாறிய இந்த நிறுவனம், திருத்தக்கூடிய ராடை அறுபது ஆண்டுகள் ஏற்கவில்லை. முதலில் கருங்காலிச் சட்டம். 1934 முதல் டி வடிவ எஃகுச் சட்டம். போர்க்காலத்தில் எஃகு கிடைக்காததால் மறுபடி கருங்காலி. 1967 முதல் சதுர எஃகுக் குழாய். எல்லாமே கழுத்தை விறைப்பாக்கும் வழிகள். திருகித் திருத்த எதுவும் இல்லை.

இந்தக் கிட்டார்களின் கழுத்து வளைந்தால் கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். அவர் ஃப்ரெட்டுகளைக் கழற்றி, சற்றே தடித்த அடிப்பகுதியுள்ள ஃப்ரெட்டுகளை அதே பள்ளங்களில் அடிப்பார். ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஆப்புபோல் விரல்பலகையை விரிக்கும். இருபது ஃப்ரெட்டுகளின் விரிவு சேர்ந்து கழுத்தைப் பின்னுக்குத் தள்ளும். எந்த ஃப்ரெட்டில் எவ்வளவு தடிமன் என்று கணக்கிட்டு அடிப்பது தனிக் கைத்திறன். நட்டைக் கால் சுற்றுத் திருகினால் முடியும் வேலைக்கு ஒரு நாள் பிடிக்கும்.

1985-இல் மார்ட்டினும் திருத்தக்கூடிய ராடுக்கு மாறியது. ஒலித்துளை வழியாக நீண்ட 5 மில்லிமீட்டர் ஆலன் கீயை விட்டுத் திருகுவது அதன் முறை. ராட் கழுத்தின் ஒலியைக் கெடுக்கும் என்று கருதுவோர் 1930-களின் மார்ட்டின்களை இன்றும் சான்றாகக் காட்டுவதுண்டு. அந்தக் கிட்டார்களின் ஒலிக்குப் பல காரணங்கள் உண்டு. கழுத்துக்குள் இருக்கும் சட்டத்தை மட்டும் பிரித்து அளப்பது எளிதல்ல.

இரட்டை ராடும் இருவழி ராடும்

பன்னிரண்டு தந்திக் கிட்டாரால் பெயர்பெற்ற ரிக்கன்பேக்கர் நிறுவனம் ஒரு கழுத்துக்குள் இரண்டு ராடுகளை வைத்தது. ஒவ்வொன்றும் மடக்கிய எஃகுப் பட்டை. கனத்த தந்திப் பக்கத்தையும் மெல்லிய தந்திப் பக்கத்தையும் தனித்தனியே திருத்த இதில் வசதி இருந்தது. பழைய ரிக்கன்பேக்கர்களில் ஒரு கண்டிப்பும் உண்டு: முதலில் கழுத்தைக் கையால் வேண்டிய நிலைக்கு வளைத்துப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகே நட்டை இறுக்க வேண்டும். நட்டின் விசையாலேயே கழுத்தை நகர்த்த முயன்றால் விரல்பலகை ஒட்டு விட்டுப் பெயர்ந்துவிடும்.

இன்று பரவலாக உள்ளது இருவழி ராட். இதில் இரண்டு உறுப்புகள்: ஒரு வட்டக் கம்பி, அதற்கு இணையாக ஒரு தட்டைப் பட்டை அல்லது இன்னொரு கம்பி. இரண்டும் முனைகளில் பித்தளைக் கட்டைகளால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு வடிவத்தில் வட்டக் கம்பியின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. கம்பியைச் சுழற்றினால் கட்டைகள் ஒன்றையொன்று நெருங்கும் அல்லது விலகும். பட்டையின் நீளம் மாறாததால் முழு அமைப்பும் ஒரு பக்கமாக வளையும். வலப்பக்கம் திருப்பினால் கழுத்து பின்னோக்கிப் போகும், இடப்பக்கம் திருப்பினால் முன்னோக்கி வரும். தந்தியின் தயவு தேவையில்லை.

இதற்கு நேரான வாய்க்கால் போதும். வளைவாக வெட்டுவதைவிட இயந்திரத்தில் இது எளிது. பெரும் எண்ணிக்கையில் கிட்டார் செய்யும் தொழிற்சாலைகள் இதற்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். தன் வளைவைத் தானே உண்டாக்கிக்கொள்வதால் இது கழுத்து மரத்தை நீளவாக்கில் நசுக்குவதில்லை. குறைகளும் இல்லாமல் இல்லை: எடை கூடுதல், வாய்க்கால் ஆழமாக வேண்டும், ஆகவே மெல்லிய கழுத்தில் பின்புற மரம் மிகவும் குறைந்துபோகும், சரியாகப் பொருத்தாவிட்டால் சில சுரங்களில் உள்ளே கிடுகிடுக்கும். இப்போது பல கழுத்துகளில் ராடின் இருபுறமும் கார்பன் இழைப் பட்டைகளையும் புதைக்கிறார்கள். விறைப்பைப் பட்டை தருகிறது, திருத்தத்தை ராட் தருகிறது.

நட்டு இருக்கும் இடம்

நட்டைத் தலைப்பகுதியில் வைப்பதா, உடல் பக்கம் வைப்பதா என்பதில் இரு மரபுகள் தொடர்கின்றன. தலைப்பகுதியில் இருந்தால் மூடித் தகட்டைக் கழற்றிவிட்டு உடனே திருகலாம். ஆனால் கழுத்து மிகவும் மெலியும் இடத்தில்தான் அந்தக் குழி விழுகிறது. கிப்சன் லெஸ் பால் கிட்டாரில் தலைப்பகுதி 17 பாகை பின்சாய்வு கொண்டது, கழுத்து மகோகனி, அதோடு இந்தக் குழியும் சேர, கீழே விழுந்தால் முதலில் முறிவது அந்த இடம்தான். கிப்சன் 1960-களின் நடுவில் சாய்வை 14 பாகையாகக் குறைத்ததும், 1970-களில் அங்கே பின்புறம் ஒரு மரத்திமில் விட்டதும் இந்த முறிவைத் தடுக்கத்தான்.

பழைய ஃபெண்டர்களில் நட்டு உடல் பக்கம் இருந்தது. தலைப்பகுதி வலுவாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் தந்தியைத் தளர்த்தி, கழுத்தையே கழற்றித் திருகி, மறுபடி பூட்டிப் பார்க்க வேண்டும். 1971-இல் ஃபெண்டர் சில மாடல்களில் துப்பாக்கிக் குண்டு வடிவ நட்டைத் தலைப்பகுதிக்குக் கொண்டுவந்தது. மியூசிக் மேன் கருவிகளில் விரல்பலகையின் கடைசி முனையில் துளைகள் கொண்ட சிறு சக்கரம் இருக்கும்; ஒரு சிறு கம்பியைத் துளையில் விட்டுத் தள்ளினாலே போதும், எதையும் கழற்ற வேண்டியதில்லை.

ராட் இல்லாத கழுத்துகள்

மரத்தையே கைவிட்டால் ராடும் வேண்டாம் என்று எண்ணியவர்கள் 1970-களில் வந்தார்கள். 1974-இல் தொடங்கிய டிராவிஸ் பீன், அதையடுத்து வந்த கிரேமர் ஆகியவை அலுமினியக் கழுத்துகளைச் செய்தன. அவை வளையவில்லை, ஆனால் குளிரில் கை சில்லிட்டது, வெப்பம் மாறினால் சுருதி மாறியது, எடையும் கூடியது. மாட்யூலஸ் கிராஃபைட் நிறுவனத்தின் ஜெஃப் கூல்ட், நெட் ஸ்டைன்பெர்கர் ஆகியோர் கார்பன் இழைப் பக்கம் போனார்கள். தலைப்பகுதியே இல்லாத ஸ்டைன்பெர்கர் பேஸ் 1980-களின் மேடைகளில் புதுமையின் சின்னமாக நின்றது.

இந்தக் கார்பன் கழுத்துகள் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசையவில்லை. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. வாசிப்பவர் தந்தியின் பருமனை மாற்றினால், அல்லது தம் கைக்கு ஏற்ப ரிலீஃபைக் கூட்ட விரும்பினால், வழி இல்லை. அச்சில் வார்த்தபோது அமைந்த வளைவே கடைசி வரை. பின்னாளில் மாட்யூலஸ் தன் கார்பன் கழுத்துகளுக்குள்ளும் ராட் வைக்கத் தொடங்கியது. கார்பன் இழையை மேல்தோலாகப் போர்த்தி 1993-இல் வந்த பார்க்கர் ஃப்ளை கிட்டாரிலும் திருத்தக்கூடிய ராட் இருந்தது. விறைப்பு கிடைத்த பிறகும் திருத்தம் தேவைப்பட்டது என்பதற்கு இவ்விரண்டையும்விடத் தெளிவான சான்று வேண்டாம்.

அளப்பதும் திருத்துவதும்

முதலில் வழக்கமாக வாசிக்கும் சுருதியில் தந்திகளைச் சேர்க்க வேண்டும். எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டில் கனத்த தந்தியை விரலால் அழுத்தினால், அந்தத் தந்தியே நேர்கோலாகிவிடும். ஏழாவது அல்லது எட்டாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளிதான் ரிலீஃப். ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கருவியால் அதை அளக்கலாம்.

நட்டை நேரே பார்த்தபடி வலப்பக்கம் திருப்பினால் இடைவெளி குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. திருகியதும் சுருதியை மறுபடி சேர்த்து அளக்க வேண்டும். சில கழுத்துகள் முழுதும் அசைந்து முடிய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். கீ சரியான அளவாக இருக்க வேண்டும்: மார்ட்டினுக்கு 5 மில்லிமீட்டர், இன்றைய பல ஃபெண்டர்களுக்கு 1/8 அங்குலம், கிப்சனுக்கு 5/16 அங்குலக் குழாய்ச் சாவி. அங்குலக் கீயும் மில்லிமீட்டர் கீயும் ஒன்றுபோல் தோன்றினாலும் மாற்றிப் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பிறகு எந்தக் கீயும் பிடிக்காது.

தந்தி உயரமாக இருக்கிறது என்பதற்காக ராடை இறுக்குவது பரவலான தவறு. தந்தியின் உயரத்தைத் தீர்மானிப்பவை பிரிட்ஜும், தலைப்பகுதி முனையில் தந்தி அமரும் பள்ளக்கட்டையும், கழுத்து உடலோடு சேரும் கோணமும்தான். ராடின் ஆட்சி கழுத்தின் நடுப்பகுதி வரைதான். உடலுக்கு மேலே நீளும் விரல்பலகையை அது தொடாது. கழுத்தின் கோணம் சாய்ந்துபோன பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை எவ்வளவு திருகினாலும் சரிசெய்ய முடியாது. கழுத்தைப் பிரித்து மறுபடி ஒட்டத்தான் வேண்டும். கழுத்து முறுக்கிக்கொண்டால் அதற்கும் ஒற்றை ராடிடம் மருந்து இல்லை.

அளவுக்கு மீறி இறுக்கினால் நட்டுக்கு அடியிலுள்ள மரம் நசுங்கும், மரை தேயும், சில சமயம் கம்பியே முறியும். முறிந்த கம்பியை எடுக்க விரல்பலகையைச் சூடேற்றிப் பெயர்க்க வேண்டியிருக்கும். மலிவான கிட்டாரில் அந்தச் செலவு கருவியின் விலையை மிஞ்சிவிடும். எனவே பழைய கிட்டார் வாங்குபவர்கள் உடலின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்பு ரிலீஃபை அளந்து பார்க்க வேண்டும். விற்பவரின் அனுமதியோடு நட்டை இரு பக்கமும் சிறிது திருப்பி, அது நகர்கிறதா, இறுக்க இன்னும் மரை மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி வரை இறுக்கப்பட்டும் வளைந்தே நிற்கும் கழுத்தை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காமல் வருவதே நல்லது.